வாகனத்தின் மேனி காப்போம்: சின்னம், ஓரப் பட்டை, எஞ்சிய பசை ஆகியவற்றை அகற்றும் முறை

ஒரு காலத்தில் தோட்டத்து மக்களுக்கு வாகனம் என்றால் சைக்கிள் மட்டுமே. இன்று அந்நிலை மாறிவிட்டது. விடியற்காலையில் மரத்திற்குச் செல்வதற்கும், கட்டிப்பாலை நிலையத்தில் சேர்ப்பதற்கும், பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளியில் விட்டு வருவதற்கும் மோட்டார் சைக்கிள் இன்றியமையாததாகிவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றையோ வேன் ஒன்றையோ வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் பல உள்ளன.

பழைய வாகனம் பெரும்பாலும் முந்தைய உரிமையாளரின் அடையாளங்களைச் சுமந்துகொண்டே நம்மிடம் வருகிறது. கதவில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். பின்புறத்தில் எழுத்துகள் பாதி உதிர்ந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் பட்டை வெயிலில் வெளிறி, ஒரு முனை தூக்கி நிற்கும். கண்ணாடியில் பல ஆண்டுகளின் ஒட்டுத்தாள்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். இவற்றை நீக்கி வண்டியைச் சீராக்க விரும்புவது இயல்பே. ஆனால் திருப்புளியால் நெம்பி, தின்னரை ஊற்றித் தேய்த்து, அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவோர் பலர். சின்னம் போய்விடும், அதனுடன் சாயமும் போய்விடும். சில மழைக்காலம் செல்வதற்குள் அவ்விடத்தில் துரு கொப்பளித்து எழும். பின்னர் அப்பகுதிக்கு மட்டும் பட்டறையில் மீண்டும் சாயம் பூச வேண்டுமானால் நூற்றுக்கணக்கான வெள்ளி செலவாகும்.

இச்செலவைத் தவிர்ப்பது அரிதன்று. பெரிய கருவிகளோ, பட்டறையில் பெற்ற பயிற்சியோ தேவையில்லை. வெந்நீர், தூண்டில் நரம்பு, சிறிது எண்ணெய், இவற்றோடு பொறுமை ஆகியவையே போதும். அம்முறையை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

சாயம் என்பது வண்டியின் பட்டை

தொழிற்சாலையில் காரின் இரும்புத் தகட்டுக்கு ஒரே பூச்சாகச் சாயம் பூசிவிடுவதில்லை. முதலில் தகட்டை இரசாயனக் கரைசலில் கழுவுவர். பின்னர் அதைப் பெரிய தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணைகொண்டு துருத் தடுப்புப் பூச்சு ஏற்றுவர். அதன் மேல் அடிச்சாயம், அதற்கும் மேல் நம் கண்ணுக்குத் தெரியும் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி போன்ற நிறமற்ற மேற்பூச்சு என அடுக்குகள் அமையும். இவை அனைத்தையும் சேர்த்து அளந்தாலும் அவற்றின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வெயிலையும் மழையையும் முதலில் தாங்கும் மேற்பூச்சின் கனம் அதிலும் பாதிக்குக் குறைவே.

பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இவ்வளவுகளின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் நாம் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. மரத்தின் உட்புறத்தில் உள்ள வளர்படையைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டுபவரே கைதேர்ந்த தொழிலாளி. கத்தி அந்த எல்லையைக் கடந்தால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிற்காலத்தில் அவ்விடத்தில் வெட்டுவது கடினம். இனி வண்டியின் சாயத்தை எண்ணிப் பாருங்கள். மரத்தில் நாம் விட்டுவைக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் அதன் கனம். மேலும், மரத்தின் பட்டை ஆண்டுகள் சில கழித்து மீண்டும் வளரும். வண்டியின் பட்டை வளர்வதில்லை.

நம் நாட்டின் காலநிலையும் காயம்பட்ட இரும்புக்கு ஏற்றதன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். சாயத்தில் மயிரிழை போன்ற கீறல் விழுந்தாலும் ஈரம் அதன் வழியே இறங்கி, நல்ல சாயத்திற்கு அடியிலும் துருவைப் பரப்பும். தோட்டத்து வாகனங்களுக்கு வேறோர் இடரும் உண்டு. பாலை உறையவைக்க நாம் பயன்படுத்தும் பார்மிக் அமிலம், கட்டிப்பாலிலிருந்து வடியும் நீரிலும் கலந்திருக்கும். சாயம் போன இடத்தில் இந்நீர் பட்டால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். ஆகவே, வண்டியின் சாயத்தைக் காப்பது அழகுக்காக மட்டுமன்று. அது வண்டியின் ஆயுளைக் காப்பதாகும்.

முதலில் கண்டறிய வேண்டியவை

கை வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற்கேள்வி, சின்னம் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பது. பெரும்பாலான கார்களில் சின்னங்களும் பெயரெழுத்துகளும் இருபுறமும் பசையுள்ள பஞ்சு போன்ற நாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். சில சின்னங்களில் நாடாவுடன், தகட்டில் உள்ள துளைகளில் செருகும் இரண்டு சிறு முளைகளும் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் முளைகள் மட்டுமே இருக்கும். அவற்றை உட்புறத்தில் சிறு பிடிப்பான்களோ திருகுமரைகளோ பற்றியிருக்கும். பின்பெட்டியின் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தால் இது பெரும்பாலும் விளங்கிவிடும். கம்பெனிப் பெயர், அலங்காரக் கோடு போன்றவை மெல்லிய ஒட்டுத்தாள்களாகவே இருக்கும்.

இரண்டாம் கேள்வி, வண்டியின் சாயம் தொழிற்சாலையில் பூசப்பட்டதா, பின்னர் பட்டறையில் பூசப்பட்டதா என்பது. தொழிற்சாலையில் சாயத்தை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்குவர். பட்டறையிலோ 60 டிகிரி அளவில்தான் சூடேற்றுவர். சில இடங்களில் காற்றிலேயே உலரவிடுவதும் உண்டு. ஆகவே பட்டறைச் சாயம் சூட்டுக்கும் இழுவைக்கும் எளிதில் விட்டுக்கொடுக்கும். கதவோரத்து ரப்பரிலோ, கண்ணாடி விளிம்பிலோ சாயத் துளிகள் படிந்திருந்தால், அல்லது ஒரு கதவின் நிறம் மற்றொரு கதவின் நிறத்தினின்று சற்று மாறுபட்டிருந்தால், அது மறுபடியும் சாயம் பூசிய வண்டி என்று கொள்ளலாம். அத்தகைய வண்டியில் சூட்டைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து வேலை செய்ய வேண்டும். பூச்சு ஏற்கனவே வெடித்தோ பொருக்குவிட்டோ இருந்தால் ஒட்டுத்தாளை இழுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. இழுத்தால் தாளுடன் சாயமும் தோலாக உரிந்து வரும்.

தேவையான பொருள்கள்

வெந்நீர், தடித்த நைலான் தூண்டில் நரம்பு சுமார் 60 சென்டிமீட்டர், பழைய பனியன் துணிகள், பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர், சமையல் எண்ணெய், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சாயக் கடையில் கிடைக்கும் காகித மறைப்பு நாடா, மூங்கிலைச் சீவிச் செய்த மழுங்கிய ஆப்பு, மெழுகு. வீட்டில் தலைமுடி உலர்த்தும் மின்கருவி இருந்தால் அதுவும் பயன்படும்.

மறைப்பு நாடாவைப் பற்றி ஒரு செய்தி. அது கார்ச் சாயப் பட்டறைகளுக்காகவே தோன்றிய பொருள். அமெரிக்காவில் இரண்டு நிறங்களில் கார்களுக்குச் சாயம் பூசும்போது, நிறங்களைப் பிரிக்க ஒட்டிய தாளை எடுக்கையில் சாயமும் உரிந்து வந்தது. இக்குறையைப் போக்க 3எம் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925ஆம் ஆண்டில் இந்நாடாவை உருவாக்கினார். மென்மையாக ஒட்டி, மென்மையாகப் பிரியும் இத்தகைய நாடாக்களின் பசைக்கு இயற்கை ரப்பர் இன்றும் பயன்பட்டு வருகிறது. நம் கையால் வெட்டிய பால், சாயத்தைக் காக்கும் நாடாவாகவும் உலகைச் சுற்றி வருகிறது என்பது அறியத்தக்கது.

சூடேற்றி அறுத்தல்

வேலையை நிழலில், மணல் பறக்காத இடத்தில் தொடங்க வேண்டும். முதலில் சின்னத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். சின்னத்தின் இடுக்குகளைப் பழைய பல் துலக்கியால் துப்புரவு செய்தல் வேண்டும். இதைத் தவிர்த்தால், நரம்பு அறுக்கும்போது இடுக்கில் உள்ள மணல் இழுபட்டுச் சாயத்தில் கோடு போடும். நைலான் நரம்பு சாயத்தை வெட்டுவதில்லை. அதனுடன் ஓடும் மணலே வெட்டுகிறது. கழுவி உலர்ந்த பின் சின்னத்தைச் சுற்றி மறைப்பு நாடாவை ஒட்டிவிடலாம்.

அடுத்தது சூடு. பஞ்சு நாடாவின் பசை குளிர்ந்த நிலையில் இறுக்கமாக இருக்கும், சூடேறினால் இளகும். கொதிக்கும் நீரையும் குழாய் நீரையும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் கிடைக்கும். அதுவே போதும். தடித்த கையுறை அணிந்து, துணியை அந்நீரில் நனைத்து, சின்னத்தின் மேல் இரண்டு நிமிடம் வைத்து அழுத்த வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால் சூடு நாடாவரை இறங்கும். மின்கருவியைப் பயன்படுத்துவோர் அதனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அங்குமிங்கும் அசைத்தபடி இரண்டு மூன்று நிமிடம் சூடேற்ற வேண்டும். தகட்டைத் தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். ஆயினும் விரலைச் சில நொடிகள் வைத்திருக்க முடிய வேண்டும். அதுவே சரியான அளவு. கேஸ் விளக்கையோ, மெழுகுவத்தியையோ, வேறெந்தத் தீச்சுடரையோ பயன்படுத்தலாகாது.

சூடு ஆறுவதற்குள் அறுக்கத் தொடங்க வேண்டும். நரம்பின் இரு முனைகளையும் சிறு குச்சிகளில் சுற்றிக்கொண்டால் விரல் அறுபடாது. சின்னத்தின் மேல் ஓரத்தில் நரம்பைச் சின்னத்திற்கும் தகட்டிற்கும் இடையே நுழைத்து, இரம்பத்தை இழுப்பதுபோல் இடமும் வலமுமாக மெதுவாக இழுத்துக் கீழ்நோக்கி வர வேண்டும். நரம்பு தகட்டை அழுத்தாமல் சின்னத்தின் முதுகை ஒட்டியே செல்லட்டும். சிறிது பசை தகட்டில் தங்கினால் கவலை இல்லை. அதற்கு வேறு வழி உண்டு. நரம்பு நகர மறுத்தால் வலிமையைக் கூட்டாமல் மறுபடியும் சூடேற்ற வேண்டும். சூடேற்றியும் ஒரே இடத்தில் தட்டி நின்றால் அங்கே முளை இருக்கிறது என்பது பொருள். அப்போது நாடா முழுவதையும் முளைகளைச் சுற்றி அறுத்துவிட்டு, சின்னத்தை நேராக வெளிப்புறம் இழுக்க வேண்டும். உட்புறம் திருகுமரை இருந்தால் அதை முன்னரே கழற்றிவிடுதல் அவசியம். சாய்த்து நெம்பினால் துளையின் விளிம்பு வளைந்து சாயம் உதிரும்.

எழுத்துகளாக உள்ள பெயரை ஓரெழுத்தாகவே அறுத்து எடுப்பது நன்று. மீண்டும் ஒட்டும் எண்ணம் இருந்தால் அவற்றின் இடத்தை மறைப்பு நாடாவில் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓரப் பட்டைகள்

கதவின் நடுவே நீளமாக ஓடும் பட்டைகள் பெரும்பாலும் நாடாவால் ஒட்டப்பட்டவை. முழு நீளத்தையும் ஒரே முறையில் சூடேற்றுவது இயலாது. ஒரு முனையில் ஒரு சாண் நீளம் சூடேற்றி, நரம்பால் அறுத்து, தளர்ந்த பகுதியை மற்றொருவர் தாங்கிப் பிடிக்க, அடுத்த சாணுக்குச் செல்ல வேண்டும். ஆகவே இது இருவர் செய்யும் வேலை. தளர்ந்த முனையைப் பற்றி வெடுக்கென்று இழுத்தால் பட்டை ஒடியும். மெல்லிய கதவுத் தகடும் குழிந்துவிடக்கூடும்.

சக்கர வளைவிலும், கண்ணாடியின் அடியிலும், கூரை ஓரத்திலும் உள்ள பட்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் கவ்விகளால் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றுக்கு நூல் உதவாது. மூங்கில் ஆப்பைத் துணியில் சுற்றி, கவ்வி இருக்கும் இடத்திற்கு அருகில் செருகி மெல்ல நெம்பினால் கவ்வி விடுபடும். வெயிலில் காய்ந்த பழைய கவ்விகள் எளிதில் ஒடிந்துவிடும். பட்டையை மீண்டும் பொருத்த எண்ணுவோர் புதிய கவ்விகளை முன்கூட்டியே உதிரிபாகக் கடையில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

எஞ்சிய பசையை நீக்குதல்

சின்னம் வந்த பின்பு தகட்டில் பசையும் பஞ்சும் திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும். அவசரக்காரர் கத்தியை எடுப்பதும் தின்னரை ஊற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான். பசையின் தன்மையை அறிந்தவருக்கு இரண்டும் தேவைப்படா.

மரத்திலிருந்து வீடு திரும்பியதும் கையில் காய்ந்த பாலை நாம் எவ்வாறு நீக்குகிறோம்? நீரில் கழுவினால் அது போவதில்லை. கட்டைவிரலால் தேய்த்து உருட்டினால் திரிதிரியாகத் திரண்டு உதிர்கிறது. ரப்பரின் இப்பண்பு பழைமையான செய்தி. பென்சில் கோட்டை ரப்பர் துடைத்தெடுக்கிறது என்பதை 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிவியலார் குறித்து வைத்தார். ஆங்கிலத்தில் தேய்ப்பது என்ற பொருள்படும் சொல்லிலிருந்தே ரப்பர் என்ற பெயரும் எழுந்தது. வண்டியில் எஞ்சிய பசையையும் இவ்வாறே உருட்டி எடுக்கலாம். மறுபடியும் சிறிது சூடேற்றி, கட்டைவிரலை ஓர் ஓரத்தில் வைத்துத் தள்ளினால் பெரும்பகுதி உருண்டு வந்துவிடும். விரல் சலித்தால் சிறிது ஓய்வெடுத்துத் தொடரலாம்.

மின்துளைக் கருவியில் பொருத்தும் ரப்பர்ச் சக்கரங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவையும் இதே வேலையைச் செய்பவை. ஆனால் வேகமாகச் சுற்றினாலோ, ஓரிடத்தில் நிறுத்தினாலோ உராய்வுச் சூடு சாயத்தைக் கருக்கிவிடும். பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

உருட்டியும் போகாத மெல்லிய படலத்திற்கு எண்ணெய் வேண்டும். பசை நீரில் கரைவதில்லை. தன் இனத்தைச் சேர்ந்த எண்ணெய்ப் பொருள்களில்தான் இளகும். சைக்கிள் டியூப்பை ஒட்டும் ரப்பர்க் கரைசலை எண்ணிப் பாருங்கள். ரப்பரை எண்ணெய் இனத் திரவத்தில் கரைத்துச் செய்த பொருள் அது. சார்ல்ஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823ஆம் ஆண்டில், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, மழை நனையாத துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் இந்த உண்மையைக் கொண்டுதான்.

ஆகவே, சூடு முழுவதும் ஆறிய தகட்டில், சமையல் எண்ணெயில் நனைத்த துணியைப் பசையின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்டி வைக்க வேண்டும். பசை ஊறி உப்பிய பின் மற்றொரு துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் பெரும்பாலான பசை நீங்கும். பிடிவாதமான பசைக்கு ஆரஞ்சுத் தோலெண்ணெய் கலந்த பசை நீக்கியோ, துணி நுனியில் தொட்ட சிறிதளவு மண்ணெண்ணெயோ உதவும். எதுவாயினும் முதலில் கதவின் அடிப்புறம் போன்ற மறைவான இடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அதை மேலும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோ மண்ணெண்ணெயோ கதவோரத்து ரப்பரிலும் டயரிலும் படியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இறுதியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு நீருடன் கலந்து துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும். அதன் பிறகு சவர்க்கார நீரால் கழுவி உலர்த்த வேண்டும்.

தின்னர், அசிட்டோன் போன்றவற்றைச் சாயத்தின் மேல் பயன்படுத்தலாகாது. பசையைக் கரைப்பது போலவே அவை பட்டறைச் சாயத்தையும் கரைக்கும். பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பு இளகி, என்றும் நீங்காத வெண்மை படரும்.

தீ பற்றிய எச்சரிக்கை

இப்பாடத்தில் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது.

பசையை நீக்கப் பெட்ரோலைப் பயன்படுத்தும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. இது கொடிய பழக்கம். பெட்ரோல் எந்த வெப்பத்திலும் ஆவியாகி எரியக்கூடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது மேலெழுந்து கலைந்துவிடாமல், தரையோடு தவழ்ந்து, கால்வாய் வழியாகவும் கதவின் அடிவழியாகவும் சென்று தேங்கும். ஐந்தடி தூரத்தில் எரியும் அடுப்போ, ஊதுவத்தியோ, சிகரெட்டோ அதைப் பற்றவைக்கலாம். வீடுகள் அடுத்தடுத்து அமைந்த லயங்களில் ஒரு வீட்டின் தீ ஒரு வரிசையின் தீயாகிவிடும்.

மண்ணெண்ணெய் அந்த அளவுக்குக் கொடியதன்று. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் அதுவும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடத் தொடங்கும். நாம் சூடேற்றும் தகட்டின் வெப்பமோ இவ்வளவைக் கடந்துவிடும். இதனால்தான் தகடு முழுவதும் ஆறிய பின்னரே எண்ணெயைத் தொட வேண்டும் என்றோம். ஆல்கஹால் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும். சூடு ஒரு நேரம், எண்ணெய் ஒரு நேரம். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. மின்கருவியின் இணைப்பை எடுத்துவிட்ட பின்புதான் புட்டியைத் திறக்க வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகள் நிற்கலாகாது. குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாகாது. பிள்ளைகள் குடித்துவிட நேரும். பயன்படுத்திய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்து உலர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். கழிவு எண்ணெயைக் கால்வாயிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

கையுறை பற்றியும் ஒன்று கூற வேண்டும். இயற்கை ரப்பர்க் கையுறை பல வேலைகளுக்குச் சிறந்தது. ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் அது உப்பித் தளர்ந்துவிடும். இவ்வேலைக்கு நைட்ரைல் எனப்படும் செயற்கை ரப்பர்க் கையுறையே ஏற்றது.

துளையும் நிழலும்

முளை இருந்த சின்னத்தை எடுத்தால் தகட்டில் துளை தெரியும். அதை அப்படியே விட்டுவிடலாகாது. மழைநீர் அதன் வழியே இறங்கிப் பின்பெட்டியில் தேங்கி, உள்ளிருந்தே துருவை வளர்க்கும். துளையின் விளிம்பைத் துப்புரவு செய்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்பு அடிச்சாயமும் பின்னர் வண்டியின் நிறச் சாயமும் சிறு தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த பின் பொருத்தமான ரப்பர் அடைப்பானைச் செருகிவிடலாம். துளை சிறிதும் தெரியாமல் மூட வேண்டுமானால் அது பட்டறையின் வேலை.

துளை இல்லாத இடத்தில் சில வேளைகளில் சின்னத்தின் உருவம் நிழல்போல் தெரியும். அது அழுக்கன்று. சின்னத்தின் அடியில் இருந்த சாயம் வெயில் படாமல் புதிதாகவே இருக்கிறது. சுற்றிலும் உள்ள சாயமே வெளிறியிருக்கிறது. நிழலைத் தேய்ப்பதால் பயன் இல்லை. சுற்றியுள்ள பகுதியை மெருகுப் பசையிட்டு மென்துணியால் மெல்லத் தேய்த்தால் வேற்றுமை குறையும். மெருகுப் பசையும் சாயத்தைச் சிறிது சிறிதாக அரைத்தெடுக்கும் பொருளே என்பதை மறத்தலாகாது. இரண்டு மூன்று முறை தேய்த்தும் போகாத நிழலை விட்டுவிட வேண்டும். பத்தாண்டு வெயிலில் நின்ற வண்டியில் நிழல் முற்றிலும் மறைவது அரிது. இவ்வுண்மையை முன்னரே அறிந்துகொண்டு, சின்னத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்வது நல்லது.

வேலை முடிந்ததும் அவ்விடத்தில் மெழுகு பூச வேண்டும். புதிதாக வெளிப்பட்ட சாயத்திற்கு அது குடை போன்றது.

மோட்டார் சைக்கிளும் கண்ணாடியும்

மோட்டார் சைக்கிளின் உறைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதிகச் சூடு பட்டால் அவை வளைந்துவிடும். வெந்நீர்த் துணியே அவற்றுக்குப் போதும். உறையைக் கழற்றி எடுத்துத் தனியே வைத்து வேலை செய்வது மிகவும் நல்லது. பெட்ரோல் தொட்டிக்கு அருகில் சூடேற்றும் மின்கருவியைப் பயன்படுத்தவே கூடாது. மற்றொன்று, கோடுகளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தில் விளிம்பு தட்டினால் அது மேலே ஒட்டிய தாள், எடுக்கலாம். விளிம்பே தட்டவில்லை என்றால் அது மேற்பூச்சுக்கு அடியில் உள்ளது. அதை எடுக்க முயன்றால் மேற்பூச்சைத்தான் அழிக்க நேரும்.

கண்ணாடியில் உள்ள பழைய ஒட்டுத்தாள்களைப் பலர் இப்போது நீக்கி வருகின்றனர். மலேசியக் குடிமக்கள் தங்கள் சொந்த வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்டிவைக்க வேண்டியதில்லை என்று 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு அறிவித்ததே இதற்குக் காரணம். வில்லையை ஒட்ட வேண்டியதில்லையே தவிர, சாலை வரியைச் செலுத்தியே ஆக வேண்டும். கண்ணாடியைச் சவர்க்கார நீரால் ஈரமாக்கி, ஒட்டுத்தாளை ஊறவிட்டு, புதிய சவர அலகைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டலாம். அலகைப் பயன்படுத்தத்தக்க ஒரே இடம் கண்ணாடிதான். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியிலும், மெல்லிய சூட்டுக் கோடுகள் ஓடும் பின்கண்ணாடியிலும் அதுவும் கூடாது. கண்ணாடியில் சுடுநீரை ஊற்றுவதும் தவறு. சிறு விரிசல் இருந்தால் அது நீண்டு ஓடும்.

எவற்றைத் தொடலாகாது?

எண் பட்டையும், வண்டிச் சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறிக்கப்பட்ட எண்களும் சட்டத்தின் அடையாளங்கள். அவற்றைத் துருவை நீக்குவதாக எண்ணியும் தேய்க்கக் கூடாது. லாரி, வேன் போன்ற சரக்கு வாகனங்களின் பக்கவாட்டில் எழுதியுள்ள எடை விவரங்களையும் கம்பெனிப் பெயருடன் சேர்த்து அழித்துவிடலாகாது. புதிதாக உரிமம் பெற்றவர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒட்ட வேண்டிய 'பி' அடையாளத்தையும் அக்காலம் முடியும்முன் எடுக்கக் கூடாது. சின்னத்தை எடுத்த இடத்தை மறைக்க வண்டி முழுவதற்கும் வேறு நிறம் பூசினால், அந்நிற மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்தல் வேண்டும்.

புதிய வகைக் கார்கள் சிலவற்றில் முன்புறச் சின்னத்தின் பின்னால், எதிரே உள்ள வண்டியை அறியும் ரேடார்க் கருவி அமைந்துள்ளது. அச்சின்னத்தைத் தொடலாகாது. சுக்கானின் நடுவில் உள்ள சின்னத்தின் அடியில் காற்றுப்பை இருப்பதால் அதையும் நெம்பலாகாது.

பழைய வண்டி வாங்குவோர்க்கும் இப்பாடம் பயன்படும். விலை குறைந்த வகை ஒன்றில் விலை உயர்ந்த வகையின் பெயரெழுத்தை ஒட்டி விற்போர் உண்டு. பின்புறச் சின்னத்தைச் சுற்றி வேறொரு சின்னத்தின் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். பதிவு விவரத்தில் உள்ள வகைப் பெயருடன் ஒப்பிடுங்கள். பக்கப் பட்டை ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் அடியில் துருவோ குழியோ மறைந்திருக்கலாம். பணத்தைக் கொடுக்கும் முன் கேட்டுத் தெளிவது வாங்குவோரின் உரிமை.

நினைவிற் கொள்வோம்

1. முதலில் கழுவுக, மணலே சாயத்தின் பகை.
2. கை பொறுக்கும் சூடு போதும், தீச்சுடர் கூடாது.
3. நரம்பால் அறுக்க, இரும்பால் நெம்பற்க.
4. பசையை உருட்டுக, பின் எண்ணெயில் ஊறவிடுக, தின்னர் வேண்டா.
5. சூடும் எண்ணெயும் ஒரே நேரத்தில் கூடா. பெட்ரோல் எந்நேரத்திலும் கூடாது.
6. துளையை மூடுக, மெழுகிடுக.
7. எண் பட்டையையும் பொறித்த எண்களையும் தொடற்க.

ஓய்வுநாள் காலையில் தொடங்கினால் ஒரு காரின் பின்புறச் சின்னங்களையும் எழுத்துகளையும் பகலுணவுக்கு முன் எடுத்துவிடலாம். பக்கப் பட்டைகளுக்கு மற்றொரு நாளை ஒதுக்குவது நல்லது. மரத்தில் காயம் படாமல் கத்தியை ஓட்டப் பழகிய கைகளுக்கு இவ்வேலை எளிதில் வசப்படும்.